கிரேக்க ரெபெட்டிகோ பாடல்களில் ஏன் இவ்வளவு சோகம்?

அது ஊரை இழந்தவர்களின் பாட்டு, அதனால்தான். 1922இல் கிரேக்கர்கள் நிறைய வாழ்ந்த ஸ்மிர்னா (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) எரிந்தது. அடுத்த வருடம் சுவிட்சர்லாந்தின் லோசானில் மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம்: துருக்கியிலிருந்த கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு, கிரீஸிலிருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கு. மொத்தம் சுமார் 12 லட்சம் பேர் அகதிகளாகக் கிரீஸுக்கு வந்தார்கள். பலர் பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய குடிசைகளில் ஒண்டிக்கொண்டார்கள். அவர்களோடு வந்தவை சந்தூரி, ஊத் என்ற தந்தி வாத்தியங்கள், அப்புறம் 'அமான், அமான்' என்று இழுத்து இழுத்துப் பாடும் அமானே என்ற பாட்டு வகை.

துறைமுகத்தில் ஏற்கெனவே சிறையிலும் கஞ்சாக் கூடங்களிலும் புழங்கிய புசுக்கி (நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியம்) இசை இருந்தது. இரண்டும் கலந்து ரெபெட்டிகோ வளர்ந்தது. பக்லமா என்ற குட்டி வாத்தியத்தைக் கோட்டுக்குள்ளேயே ஒளித்துவிடலாம். போலீஸ் தொல்லையிலிருந்து தப்ப அது வசதி! 1930களின் பிற்பகுதியில் கிரீஸின் சர்வாதிகாரி மெட்டாக்ஸாஸின் அரசு துருக்கி வாடை அடிக்கிறது என்று அமானேயை ஒடுக்கியது. 2017இல் அதே ரெபெட்டிகோ யுனெஸ்கோவின் கலாச்சாரப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.