வாஸ் கோயிங்கா, வென்ட்டா? உங்க கேள்விகளுக்கு பதில்

வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல இங்கிலீஷ்ல சிம்பிள் பாஸ்ட் (வென்ட் மாதிரி), பாஸ்ட் கண்டினியூயஸ் (வாஸ் கோயிங் மாதிரி) குழப்பம் தான், அதனால இன்னைக்கு இது மட்டும் பார்த்துடலாம்.

கேள்வி: அக்கா, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சுருக்கமா சொல்லுங்க.

பதில்: நீங்க சொல்ற அந்தப் பழைய நேரத்துல வேலை நடுவுல ஓடிட்டு இருந்துச்சுன்னா கண்டினியூயஸ், முழுசா நடந்து முடிஞ்ச விஷயமா சொல்றீங்கன்னா சிம்பிள் பாஸ்ட். 2011 வேர்ல்ட் கப் ஃபைனல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வான்கடேல தோனி குலசேகரா பால்ல அந்த சிக்ஸ் அடிச்சப்போ எதிர் முனைல யுவராஜ் நின்னுட்டு இருந்தார். 'வென் தோனி ஹிட் தட் சிக்ஸ், யுவராஜ் வாஸ் ஸ்டாண்டிங் அட் தி அதர் எண்ட்.' அடிச்சது ஒரே நொடில முடிஞ்சுது, அதனால ஹிட். நின்னது அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு அந்த நொடிலயும் தொடருது, அதனால வாஸ் ஸ்டாண்டிங். அதையே 'தோனி வாஸ் ஹிட்டிங் சிக்சஸ்'னு சொன்னா வரிசையா அடிச்சுட்டே இருந்தார்னு அர்த்தம் வந்துடும்.

கேள்வி: மேடம், இன்டர்வியூல 'ஐ வாஸ் வொர்க்கிங் இன் எ பேங்க் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'னு சொன்னேன், ஃப்ரெண்ட் தப்புங்கறான். தமிழ்ல வேலை பார்த்துட்டு இருந்தேன்னு தானே சொல்றோம்?

பதில்: ரொம்ப நல்ல கேள்வி, நம்ம ஆளுங்க அதிகமா தடுக்கி விழுற இடமே இது தான். தமிழ்ல 'ட்டு இருந்தேன்'ங்கறது ரெண்டு வேலை செய்யுது. 'நீ கூப்பிட்டப்போ சமைச்சுட்டு இருந்தேன்'னா நடுவுல இருந்தேன்னு அர்த்தம். 'முன்னாடி தினமும் ஜிம்முக்கு போயிட்டு இருந்தேன்', 'பேங்க்ல வேலை பார்த்துட்டு இருந்தேன்' இதெல்லாம் அந்தக் காலத்து பழக்கம், முடிஞ்சு போன ஒரு காலகட்டம். இங்கிலீஷ்ல வாஸ் போட்டு ஐஎன்ஜி சேர்க்கறது பெரும்பாலும் முதல் வேலைக்கு தான், ரெண்டாவதுக்கு சிம்பிள் பாஸ்ட் இல்லன்னா யூஸ்ட் டு. அதனால 'ஐ வென்ட் டு தி ஜிம் எவ்ரி டே', 'ஐ வொர்க்ட் இன் எ பேங்க் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' இது தான் இயல்பு. இத்தனை வருஷம்னு மொத்தக் கணக்கு சொல்லி மூடியாச்சுன்னா வொர்க்ட் போதும். ஆனா 'வென் தி லாக்டவுன் ஸ்டார்ட்டட், ஐ வாஸ் வொர்க்கிங் இன் எ பேங்க்' ரொம்ப சரி, ஏன்னா லாக்டவுன் ஆரம்பிச்ச அந்த சமயத்துல நீங்க அந்த வேலைல நடுவுல இருந்தீங்க. தமிழ்ல யோசிச்சு அப்படியே மாத்தாம, நடுவுலயா இல்ல பழக்கமான்னு ஒரு தடவை கேட்டுக்குங்க.

கேள்வி: ஒயில் (while) வந்தா கண்டினியூயஸ், வென் வந்தா சிம்பிள்னு டியூஷன்ல மனப்பாடம் பண்ண வெச்சாங்க, சரியா அக்கா?

பதில்: பாதி தான் சரி தம்பி. கோடிட்ட இடத்தை நிரப்ப உதவும், பேசும்போது கை விட்டுடும். 'வென் அப்பா கேம் ஹோம், வி ஏட்'னா அப்பா வந்ததும் சாப்பிட்டோம், 'வென் அப்பா கேம் ஹோம், வி வேர் ஈட்டிங்'னா அவர் உள்ள வரும்போதே நாங்க சாப்பிட்டுட்டு இருந்தோம். ரெண்டுலயும் வென் தான் இருக்கு, ஆனா நடந்த கதை வேற. ஒயில் கூட 'ஒயில் ஐ லிவ்ட் இன் மதுரை'ன்னு சிம்பிள் பாஸ்ட்ல தாராளமா வரும். வார்த்தையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, எது முதல்ல ஆரம்பிச்சுதுன்னு பாருங்க.

கேள்வி: 'ஐ வாஸ் நோயிங் ஹிம்', 'ஐ வாஸ் ஹேவிங் எ பைக்' ஏன் தப்பு? ஆபீஸ்ல நிறைய பேர் இப்படித் தான் பேசுறாங்க.

பதில்: நம்ம ஊர்ல காதுக்குப் பழகிடுச்சு, ஆனா எக்ஸாம்ல மார்க் போயிடும். நோ (know), பிலீவ், வாண்ட், நீட், பிலாங் இதெல்லாம் செய்யற வேலை இல்ல, நிலை, அதனால 'ஐ நியூ ஹிம்', 'ஐ ஹேட் எ பைக்'. ஹேவ் ரெண்டு பக்கமும் போகும், சாப்பிடறதுங்கற அர்த்தத்துல 'ஐ வாஸ் ஹேவிங் லஞ்ச்' சரி தான். திங்க்கும் அப்படியே. 'ஐ தாட் இட் வாஸ் ஈஸி'ன்னா என் கருத்து, 'ஐ வாஸ் திங்கிங் அபவுட் இட்'னா மனசுல ஓட்டிட்டு இருந்தேன்.

கேள்வி: 'ஐ வாஸ் ரீடிங் எ நாவல் லாஸ்ட் நைட்'னா படிச்சு முடிச்சாச்சா சிஸ்டர்?

பதில்: முடிச்சீங்களான்னு அந்த வாக்கியம் சொல்லாது. முடிச்சதைச் சொல்லணும்னா 'ஐ ரெட் எ நாவல்'. ஸ்பெல்லிங் அதே ரீட் (read) தான், மாறாது, வாய்ல மட்டும் ரெட். இந்த வித்தியாசம் ஆபீஸ்ல ரொம்ப முக்கியம். 'ஐ வாஸ் ப்ரிப்பேரிங் தி ரிப்போர்ட்'னு சொன்னா மேனேஜர் அடுத்து 'அப்போ முடியலையா?'ன்னு தான் கேட்பார். முடிச்சிருந்தா 'ஐ ப்ரிப்பேர்ட்'னே சொல்லுங்க.

கேள்வி: எட்டு மணின்னு டைம் கொடுத்தா எது போடணும்?

பதில்: ரெண்டும் வரும். 'அட் எய்ட் வி ஹேட் டின்னர்'னா எட்டுக்கு உக்காந்தோம், 'அட் எய்ட் வி வேர் ஹேவிங் டின்னர்'னா எட்டு அடிக்கும்போது பாதி தட்டு காலி.

கேள்வி: மெயில்ல 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப்'னு எழுதறாங்களே, இப்போ கேட்கறதுக்கு எதுக்கு பாஸ்ட்?

பதில்: பணிவுக்காக. நேரா கேட்காம கொஞ்சம் தள்ளி நின்னு கேட்கற மாதிரி, எதிர்ல இருக்கவங்க முடியாதுன்னு சொல்லவும் இடம் கிடைக்குது. புது கிளையண்ட், தெரியாத ப்ரொஃபசர் இவங்களுக்கு எழுதும்போது தைரியமா போடுங்க. தினமும் டீ குடிக்கற டீம் மேட்டுக்கு 'கேன் யூ ஹெல்ப் மீ?' போதும்.