மலேரியா ஒட்டுண்ணியைக் காந்தம் ஈர்க்குமா?

ஈர்க்கும், ஆனால் கொல்லாது. சிவப்பணுவுக்குள் புகும் மலேரியா ஒட்டுண்ணி அங்குள்ள ஹீமோகுளோபினைச் செரிக்கும்போது, எஞ்சும் ஹீம் என்னும் இரும்புள்ள பகுதி தனக்கே நஞ்சாகும் என்பதால், அதை ஹீமோசோயின் என்னும் பழுப்புப் படிகமாக மாற்றித் தன் உடலுக்குள்ளேயே ஒதுக்கி வைக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் மிக மெல்ல விலக்கும் என்பதை 1936இல் வேதியியலாளர்கள் பாலிங்கும் கோரியெல்லும் காட்டினர். ஹீமோசோயின் படிகத்தையோ காந்தம் ஈர்க்கிறது. ஆகவே, வலிய காந்தத்தின் நடுவே வைத்த எஃகு இழைகளின் ஊடாகக் குருதியைச் செலுத்தினால், முதிர்ந்த ஒட்டுண்ணி உள்ள சிவப்பணுக்கள் தங்கிவிடுகின்றன. படிகம் இன்னும் சேராத இளம் பருவத்தவை நழுவிவிடும். மணலில் காந்தத்தைத் துழாவினால் இரும்புத்தூள் மட்டும் ஒட்டி வருமே, அதைப் போன்றதுதான், ஈர்ப்பு மட்டும் மிகவும் மெல்லியது. காந்த வளையல் அணிந்தால் மலேரியா குணமாகும் என்று சிலர் கருதுவது தவறு. ஆய்வகத்தில் காந்தம் செய்வது பிரித்தெடுக்கும் வேலையே, சிகிச்சை அன்று.