கிளாரினெட்டுகள் மட்டும் சேர்ந்து வாசிக்கும்போது

அன்புள்ள ஐயா,

கிளாரினெட் என்றாலே ஏ.கே.சி. நடராஜன் அவர்களின் கச்சேரிதான் என்று வளர்ந்தவன் நான். மேற்கில் கிளாரினெட்டுகள் மட்டுமே திரளாகச் சேர்ந்து வாசிக்கும் ‘கிளாரினெட் கொயர்’ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சில ஒலிப்பதிவுகளைக் கேட்டேன். பெரும்பாலானவை வேறு கருவிகளுக்காக எழுதப்பட்டவை. எல்லாம் ஒரே நிறத்தில் ஒலிப்பதால் சற்று நேரத்தில் அலுப்புத் தட்டிவிடுகிறது. இக்குழுக்களுக்கென்று சொந்த இசை உண்டா? இல்லையென்றால் இப்படியொரு குழு எதற்கு?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் அலுப்புக்கும் கேள்விக்கும் காரணம் ஒன்றே. ஓபோவையும் ஹார்னையும் வயலினையும் மனத்தில் வைத்து எழுதிய சிம்பொனியைக் கிளாரினெட்டுகள் வாசிக்கும்போது, இல்லாத கருவிகளைத்தான் நம் காது தேடுகிறது. இக்குழுவின் ஒற்றைக் குரலையே கருதி எழுதிய படைப்புகளில் அந்தத் தேடல் எழுவதில்லை.

ஆனால் இரவல் இசை தவிர்க்க முடியாததாக இருந்தது. பிரஸ்ஸல்ஸ் கன்சர்வேட்டரியில் பேராசிரியராக இருந்த கஸ்தாவ் போன்ஸ்லே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த குழு, மொசார்ட்டின் ஜி மைனர் சிம்பொனியை வாசித்ததை 1896இல் கேட்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் வியந்தார் என்பார்கள். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் முதன்மைக் கிளாரினெட் கலைஞர் சிமியோன் பெலிசன் 1927இல் எட்டுப் பேருடன் தொடங்கிய குழு பின்னர் 75 பேராக வளர்ந்தது. அவரும் பெரும்பாலும் பிறர் படைப்புகளையே மாற்றி எழுதி வாசிக்க வைத்தார்.

எழுத ஆளில்லை என்பது மட்டுமல்ல, அடித்தளத்தைத் தாங்கும் கருவிகளும் எளிதில் கிடைக்கவில்லை. அடோல்ஃப் சாக்ஸ் 1838இலேயே பேஸ் கிளாரினெட்டைத் திருத்தி அமைத்துவிட்டாலும், அதற்கும் கீழே ஒலிக்கும் கான்ட்ராபேஸ் கிளாரினெட், பாரிஸின் லெப்லாங்க் நிறுவனத்துக்காக ஷார்ல் ஊவெனாகெல் வடிவமைத்த பிறகுதான், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கப் பள்ளி, கல்லூரிக் குழுக்களுக்குள் பரவலாக வந்தது. லூசியன் கேயியே போன்றவர்களின் தழுவல்களும் கிளேர் கிரண்ட்மனின் ‘கேப்ரிஸ் ஃபார் கிளாரினெட்ஸ்’ போன்ற சொந்தப் படைப்புகளும் அச்சில் வந்தன. மாணவர்களுக்காக எழுதியவை என்பதால் பலவும் எளிமையானவையே. ஆயினும் அவை இல்லாமல் இந்த மரபு வேர்பிடித்திருக்காது.

‘ஒரே நிறம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிக் கருதவில்லை. உருளை வடிவக் குழாயும் ஒற்றை நாணலும் கொண்ட கிளாரினெட்டின் கீழ் ஸ்வரங்கள் இருண்டும், மேல் ஸ்வரங்கள் தெளிந்தும், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில ஸ்வரங்கள் வெளிறியும் ஒலிக்கும். சாதாரண கிளாரினெட் அந்த வெளிறிய இடத்தில் வாசிக்கும் அதே ஸ்வரத்தைப் பேஸ் கிளாரினெட்டின் மேல்பகுதியில் வாசித்தால் சற்றே இறுக்கமும் ஒளியும் கூடிவிடுகிறது. எதை எந்தக் கருவிக்குக் கொடுப்பது என்பதில்தான் இக்குழுவுக்கு எழுதுபவரின் திறமை இருக்கிறது. ஒத்த குரல்கள் என்பதால் ஸ்ருதி இம்மியளவு பிசகினாலும் கார்வைகளில் அதிர்வு அலையடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். சுத்தமாகச் சேர்ந்தால், ஒரே வரியை வாசிப்பவர்கள் மூச்சை மாற்றி மாற்றி எடுப்பதால், நாதம் அறுபடாமல் நீண்டு ஆர்கனைப் போல நிற்கும். தழுவல்களில் சிம்பொனிகளைவிடப் பாக்கின் ஆர்கன் இசை எனக்கு நிறைவளிப்பது இதனால்தான்.

இந்த ஒருமையை முதலில் உணர்ந்தவர் மொசார்ட் என்பது என் எண்ணம். இரண்டு கிளாரினெட்டுகளுக்கும், அதே குடும்பத்தைச் சேர்ந்த சற்றுத் தாழ்ந்த ஸ்தாயிக் கருவியான பாசெட் ஹார்ன்கள் மூன்றுக்கும் அவர் எழுதிய பி ஃபிளாட் அடாஜியோவில் (அவர் படைப்புகளின் பட்டியலில் கே. 411) தனித்து முன்னிற்கும் குரலைவிட ஒன்றோடொன்று கரையும் குரல்களே முக்கியம். கொயர் என்ற அமைப்பு உருவாவதற்கு நூறாண்டுகளுக்கு முந்தைய படைப்பு அது.

அதன் மறுமுனையில் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் ‘நியூயார்க் கவுண்டர்பாயின்ட்’ (1985) இருக்கிறது. ஒரு கலைஞர், தானே முன்கூட்டி ஒலிப்பதிவு செய்த பத்து வரிகளுடன் சேர்ந்து வாசிக்கலாம். பதினொரு பேர் மேடையில் அமர்ந்தும் வாசிக்கலாம். குரல்கள் வேறுபடாததால் எந்த இழை யாருடையது என்று பிரித்தறிய முடியாதபடி குறுந்தொடர்கள் பின்னிக்கொள்கின்றன. மூன்றாம் பகுதியில் மேலுள்ள கிளாரினெட்டுகள் ஏறக்குறைய மாறாமலே வாசிக்க, பேஸ் கிளாரினெட்டுகள் அழுத்தத்தை இடம் மாற்றுகின்றன; உடனே மொத்தத் தாளமும் வேறொரு கணக்கில் கேட்கத் தொடங்குகிறது. இதையே வயலினுக்கும் டிரம்பெட்டுக்கும் பகிர்ந்து கொடுத்தால் நிற வேறுபாடே இழைகளைப் பிரித்துக் காட்டி, அந்த மயக்கத்தைக் கெடுத்துவிடும். நீங்கள் குறையெனக் கண்ட ஒற்றை நிறம் இங்கே படைப்பின் அடிப்படைத் தேவையாகிறது.

முதலில் கே. 411, பிறகு ஏதேனும் ஒரு பாக் தழுவல், அதன்பின் ரைக் என்ற வரிசையில் கேளுங்கள். ரைக்கைக் கேட்கும்போது, கீழ் ஸ்தாயியும் தெளிவாகக் கேட்கக்கூடிய ஹெட்ஃபோனைப் பயன்படுத்துங்கள்; கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் பேஸ் கிளாரினெட்டுகள் பாதி காணாமல் போய்விடும்.