இதை அன்று யார் எழுதி வைத்திருப்பார்கள்?

கேள்வி: என் தாத்தா ஒரு தொடக்கப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். அந்தப் பள்ளி இன்று இல்லை. அதன் ஆவணங்கள் அந்த வட்டாரத்தின் சிறிய ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம் என்கிறார்கள். அது வாரத்தில் இரண்டு நாட்கள்தான் திறந்திருக்கும். எனக்கு ஆராய்ச்சி செய்து பழக்கமில்லை. அங்கே என்ன கேட்பது, எப்படித் தேடுவது?

பதில்: ஆராய்ச்சிப் பழக்கம் தேவையில்லை. ஆனால் காப்பகம் நூலகம் அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். நூலகத்தில் பொருள்வாரியாக அடுக்கியிருப்பார்கள். காப்பகத்தில் ஓர் ஆவணம் யாரிடமிருந்து வந்ததோ, அவருடைய மற்ற ஆவணங்களோடு சேர்ந்தே இருக்கும். 1841-இல் பிரான்ஸின் உள்துறை அமைச்சகம் ஒரு சுற்றறிக்கையில் வகுத்துக் கொடுத்த இந்த முறையைத்தான் உலகின் பெரும்பாலான காப்பகங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. ஆகவே தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி எதுவும் இல்லையே" என்ற பதில் வரக்கூடும். அதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

'இதை அன்று யார், எதற்காக எழுதி வைத்திருப்பார்கள்?' என்று யோசியுங்கள். ஓர் ஆசிரியருக்கு மாதந்தோறும் சம்பளம் கொடுத்தவர்கள் கணக்கு எழுதியிருப்பார்கள். அதில் அவர் கையெழுத்தே இருக்கலாம். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி அறிக்கை எழுதியிருப்பார். நிர்வாகக் குழு கூடியிருந்தால் கூட்டக் குறிப்பு இருக்கும். கூரை ஒழுகியிருந்தால் பழுது பார்த்த ரசீது இருக்கும். விடுப்பு விண்ணப்பம் ஒன்று கிடைத்தால், அந்த மனிதர் அந்த வாரத்தில் எதற்காகக் கவலைப்பட்டார் என்பதுகூடத் தெரிந்துவிடும். இவை எதிலும் 'பள்ளி வரலாறு' என்ற தலைப்பு இருக்காது. வரலாறு இவற்றில்தான் இருக்கிறது.

போவதற்கு முன் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். பள்ளியின் பெயர், ஊர், தோராயமான ஆண்டுகள், தாத்தாவின் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய எல்லா வடிவங்களும் அதில் இருக்கட்டும். இடங்கள் பெயர் மாறியிருந்தால் பழைய பெயரையும் சேருங்கள். சிறிய காப்பகங்களில் ஓரிருவரே எல்லா வேலையையும் பார்ப்பார்கள். சில பெட்டிகள் வேறு கட்டடத்தில் இருக்கும். முன்கூட்டிச் சொன்னால்தான் எடுத்து வைக்க முடியும். படம் எடுக்க அனுமதி, கட்டணம், அடையாள அட்டை ஆகியவற்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரங்கள் உள்ள பதிவேடுகளைக் காட்ட மறுக்கலாம். அது நியாயமான மறுப்பு.

பென்சில் கொண்டுபோங்கள். பேனா மை ஒரு முறை பட்டால் தாளிலிருந்து போகாது. பலர் நினைப்பது போல், தாளைத் தொடப் பருத்திக் கையுறை தேவையில்லை. கையுறை விரலின் உணர்வை மழுங்கச் செய்து, நொறுங்கும் ஓரங்களைக் கிழித்துவிடும். கையைக் கழுவி நன்றாக உலர்த்தினால் போதும். புகைப்படங்களுக்கு மட்டும் கையுறை வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வந்த மரக்கூழ்த் தாள்கள், அதற்கு முந்தைய கந்தல்துணித் தாள்களைவிட விரைவாகப் பழுத்து ஒடியும். ஆவணக் கட்டுக்குள் உள்ள வரிசையைக் கலைக்காதீர்கள். வரிசை தவறாகத் தோன்றினாலும் நீங்கள் திருத்தாமல் காப்பாளரிடம் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கட்டையும் பிரித்தவுடன், முதல் படமாக அதன் எண் உள்ள சீட்டை எடுங்கள். பக்கங்களைப் பிறகு எடுக்கலாம். தொடக்கக் காலத்தில் நான் இதைச் செய்யாமல் ஒரு நாள் முழுவதும் படம் எடுத்தேன். அருமையான ஒரு பக்கம் எந்தப் பெட்டியில் இருந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. எண் இல்லாத படத்தை வேறு யாரும் சரிபார்க்க முடியாது.

கிளம்பும் முன் காப்பாளரிடம், "இன்னும் பட்டியலில் ஏறாதது ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். சிறிய காப்பகங்களில் இதுதான் மிகப் பயனுள்ள கேள்வி. நன்கொடையாக வந்து பிரிக்கப்படாத பெட்டிகள் பல இடங்களில் உண்டு. அவற்றில் என்ன இருக்கிறது என்பது அவர் நினைவில் மட்டுமே இருக்கும்.

உங்கள் வீட்டில் பள்ளிக் குழுப்படம் இருந்தால் அதன் நகலையும் கொண்டுபோங்கள். காப்பகத்தில் அதே படம் பெயர்கள் இல்லாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்த முகங்களின் பெயர்களைத் தனித்தாளில் வரிசைப்படி எழுதிக் கொடுங்கள். படத்தின் பின்புறம் பேனாவால் எழுத வேண்டாம். மை முன்பக்கம் ஊறிவிடும்.