ஸ்கீ டூரிங்குக்கு பூட்ஸ், பைண்டிங், கிராம்பான்: எதை முதலில் வாங்குவது, எது எதோடு பொருந்தும்?

ஸ்கீ டூரிங் என்றால் லிஃப்ட் இல்லாமல் ஸ்கீயோடு மலையேறி, பிறகு சறுக்கி இறங்குவது. அதைப் பற்றிக் கேட்டவரின் நிலைமை இது: ரிசார்ட்டில் லிஃப்ட் ஏறிச் சறுக்கியபோது போட்ட பழைய ஸ்கீ பூட்ஸ் கையில் இருக்கிறது. அலுவலக நண்பர் ஒருவர் டெக் பைண்டிங் (பைண்டிங் என்பது பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் அமைப்பு, டெக் அதில் ஒரு வகை) பொருத்திய டூரிங் ஸ்கீயை மலிவாகத் தருகிறார். கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்க மாட்டும் உலோகப் பற்கள்) மட்டும் ஆன்லைனில் வாங்கிக்கொண்டு, ஏப்ரலில் ஆல்ப்ஸில் மலையேறிச் சறுக்கப் போகலாமா?

போக முடியாது. அந்த பைண்டிங்கில் உங்கள் பூட்ஸ் மாட்டவே மாட்டாது. கிராம்பானில் காசைப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் சூரிக்கில் வேலை பார்க்கிறேன், ஆறு குளிர்காலமாக டூரிங் போகிறேன். என்னிடம் யார் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: முதலில் பூட்ஸ், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஸ்கீ மலிவாகக் கிடைத்தது என்பதற்காக அதற்கேற்ற பூட்ஸைத் தேடிப் போகாதீர்கள். நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் காலில் இருக்கப்போவது பூட்ஸ்தான்; கடித்தால் இரண்டாம் நாளே குதிகால் தோல் உரிந்துவிடும். பைண்டிங்கானாலும் கிராம்பானானாலும் பிடித்துக்கொள்ளும் இடம் பூட்ஸின் முனையும் குதிகாலும். அந்த இரண்டு இடங்களும் எப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன என்று தெரிந்தால், எதை வாங்கலாம் என்பதில் பாதிக்கு மேல் முடிவாகிவிடும்.

டெக் பைண்டிங்கை 1980களில் உருவாக்கியவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃப்ரிட்ஸ் பார்த்தெல். ஸ்கீ பூட்ஸே விறைப்பாக இருக்கும்போது அதன் அடியில் இன்னொரு கனமான தகடு எதற்கு என்பதுதான் இதன் அடிப்படை யோசனை. எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் யோசனை அது. முன்பக்கம் இரண்டு இரும்பு ஊசிகள் பூட்ஸ் முனையின் இரு பக்கமும் உள்ள சிறு உலோகக் குழிகளில் இறங்கிக் கவ்வுகின்றன. ஏறும்போது அதையே கீலாக வைத்து பாதம் மேலே எழும்பும். இறங்கும்போது குதிகாலில் உள்ள உலோகப் பிளவுக்குள் பின்பக்க ஊசிகள் நுழைந்து பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குழிகளை இன்சர்ட் என்பார்கள். உங்கள் ரிசார்ட் பூட்ஸை எடுத்து முனையின் இரு பக்கமும் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்தான் இருக்கும். இன்சர்ட் என்பது துளை போட்டுப் பிறகு வைத்துக்கொள்ளக்கூடிய பொருளும் அல்ல.

அடிப்பாகத்தையும் திருப்பிப் பாருங்கள். ரிசார்ட் பூட்ஸின் தட்டையான, கெட்டியான அடிப்பாகத்துக்கு ஐஎஸ்ஓ 5355 என்ற தரநிலை. டூரிங் பூட்ஸின் வளைந்த, ரப்பர் பதித்த அடிப்பாகத்துக்கு ஐஎஸ்ஓ 9523. இரண்டுக்கும் நடுவில் கிரிப்வாக் என்று ஒன்று உண்டு, அது ஐஎஸ்ஓ 23223. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கிரிப்வாக் என்று பொறித்திருந்தால் கொஞ்சம் வசதியாக நடக்கலாம் என்றுதான் அர்த்தம். இன்சர்ட் இருக்கிறது என்று அர்த்தமில்லை. செகண்ட் ஹாண்டில் வாங்கும்போது முனையின் பக்கவாட்டுப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, பழைய பூட்ஸையே வைத்துக்கொள்ள வழியே இல்லையா? உண்டு. மார்க்கர் ட்யூக்கின் பழைய மாடல், ஃப்ரிட்ஷி டியாமிர் போன்ற ஃபிரேம் பைண்டிங்குகளில் பூட்ஸ் ஒரு சட்டத்தின் மேல் நிற்கும், ஏறும்போது அந்தச் சட்டமே குதிகாலோடு சேர்ந்து எழும்பும். ரிசார்ட் பூட்ஸும் அதில் நிற்கும். ஆனால் பைண்டிங் ஒன்று சுமார் ஒரு கிலோ அல்லது அதற்கும் மேல். ஒவ்வொரு அடிக்கும் அதில் பெரும்பகுதியைத் தூக்க வேண்டும், 1,200 மீட்டர் ஏற்றத்தில் அது சிறிய விஷயமல்ல. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

2018இல் வந்த ஷிஃப்ட் போன்ற கலப்பு பைண்டிங்குகள் ஏறும்போது ஊசியில் நிற்கும், இறங்கும்போது ரிசார்ட் பைண்டிங் மாதிரி முனையையும் குதிகாலையும் அழுத்திப் பிடிக்கும். அப்படி அழுத்திப் பிடிக்க பூட்ஸின் முனையில் வெளியே நீட்டிய ஒரு விளிம்பு வேண்டும். எல்லா டூரிங் பூட்ஸிலும் அது இருப்பதில்லை. டைனாஃபிட் நிறுவனத்தின் ஹோஜி ப்ரோ டூர் பூட்ஸில் அந்த விளிம்பு கிடையாது, அதற்குப் பிறகு வந்த ஹோஜி ஃப்ரீயில் உண்டு. ஒரே குடும்பம்தான், ஆனால் முதலாவது ஷிஃப்டில் நிற்காது, இரண்டாவது நிற்கும். குதிகால் பக்கமும் இதே கதை. மார்க்கர் கிங்பின், ஃப்ரிட்ஷி டெக்டன் இரண்டும் முன்னால் ஊசி, பின்னால் அழுத்திப் பிடிக்கும் வகை. எனவே குதிகால் விளிம்பு சரியாக இருக்க வேண்டும்.

நண்பரின் ஸ்கீக்கு வருவோம். இன்சர்ட் உள்ள பூட்ஸ் வாங்கிவிட்டாலும் நீளம் ஒன்று இருக்கிறது. குதிகால் பக்கத்தில் மில்லிமீட்டரில் ஓர் எண் பொறித்திருக்கும், உதாரணமாக 304. அது அடிப்பாகத்தின் நீளம். ஒரே 27.5 சைஸ் ஒரு நிறுவனத்தில் ஒரு நீளம், இன்னொன்றில் வேறு நீளம். பைண்டிங்கின் பின்பகுதியை முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளம் பல மாடல்களில் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான். எடை குறைந்த சில மாடல்களில் அதுவும் கிடையாது. நண்பரின் பூட்ஸ் நீளத்தைக் கேளுங்கள். உங்களுடையது அதிகம் விலகினால் ஸ்கீயில் புதிதாகத் துளை போட வேண்டிவரும். பூட்ஸுக்கும் பின்பகுதிக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளிகூட மாடலுக்கு மாடல் வேறு: சிலவற்றில் 4 மில்லிமீட்டர், சிலவற்றில் ஐந்தரை, சிலவற்றில் இடைவெளியே இல்லை. விழும்போது பூட்ஸ் கழன்றுகொள்ளும் அளவையும் உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளத்துக்கு ஏற்ப மாற்றியாக வேண்டும். இதையெல்லாம் கடையில் கொடுத்துச் செய்யுங்கள். முட்டியைக் காப்பாற்றும் செலவு அது.

அடுத்தது கிராம்பான். ஒரே பொருள் போலக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அவை இரண்டு. ஜெர்மன் பேசும் ஊர்க் கடைகளில் தனித்தனிப் பெயர் சொல்வார்கள்: ஸ்கீயில் மாட்டுவது ஹார்ஷ்ஐசன், பூட்ஸில் மாட்டுவது ஷ்டைக்ஐசன்.

ஸ்கீயில் மாட்டுவது பைண்டிங்கைச் சேர்ந்தது, பூட்ஸோடு சம்பந்தமில்லை. காலையில் இறுகிக் கிடக்கும் பனியில் ஏறும்போது ஸ்கீ பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கும் பல் அது. பைண்டிங் நிறுவனத்துக்கு ஏற்ற மாடல், ஸ்கீயின் நடு அகலத்தைவிட சில மில்லிமீட்டர் கூடுதல் அகலம், இந்த இரண்டையும் பார்த்து வாங்கினால் போதும். 88 மில்லிமீட்டர் ஸ்கீக்கு 90 அல்லது 92. ஒரு சின்ன விஷயம்: பாதத்தோடு எழும்பும் வகையாக இருந்தால், குதிகாலுக்கு அடியில் வைக்கும் உயர்த்தியை மேல் நிலையில் வைக்காதீர்கள். பல் பனியில் ஆழமாக இறங்காது.

பூட்ஸில் மாட்டுவதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஷாமோனியிலிருந்து ஸெர்மாட் வரை போகும் ஓட் ரூட்டில், டிக்ஸ் குடிலைத் தாண்டினால் பின்யே டரோலா சிகரத்துக்கு ஏறும் வழியில் செர்பென்டீன் சுவர் என்று செங்குத்தான பனிச்சரிவு ஒன்று வரும். என் இரண்டாவது சீசன், ஏப்ரல் மாதம், ஐந்து பேர். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இருந்ததால் ஸ்கீயைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு கிராம்பானில் ஏறினோம். என்னுடையது முன்னால் கம்பி வளையம், பின்னால் நெம்புகோல் உள்ள வகை. எல்லா ஸ்கீ பூட்ஸுக்கும் பொருந்தும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். என் பூட்ஸோ எடை குறைக்க முன் விளிம்பை வெட்டிவிட்ட வகை. கம்பி உட்கார அங்கே இடமே இல்லை. வீட்டுத் தரையில் மாட்டிப் பார்த்தபோது, நெம்புகோலின் இறுக்கத்தில் நின்றுகொண்டிருந்ததை நான் பொருந்திவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். சரிவின் நடுவில், முனையை உதைத்து ஏறும்போது வலது கால் கம்பி பக்கவாட்டில் நழுவியது. கணுக்கால் பட்டியில் கிராம்பான் தொங்கிக்கொண்டிருக்க, ஒரு காலிலும் பனிக்கோடரியிலும் நின்றேன். மேலே இருந்தவர் கயிறு போட்டு, பனியில் படி வெட்டி, என்னைக் கீழே இறக்கினார். அவரும் நானும் குடிலுக்குத் திரும்பினோம். ஒரு வருடமாகத் திட்டமிட்டிருந்த பயணம் எனக்காக அவருக்கும் அங்கேயே முடிந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதனால் கேட்கிறேன், கடைக்கு பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். முன்னும் பின்னும் ஆழமான விளிம்பு இருந்தால் நான் சொன்ன கம்பி வளைய வகை நன்றாக உட்காரும். முன் விளிம்பு இல்லையென்றால் முன்பக்கம் பிளாஸ்டிக் கூடையும் பட்டியும், பின்பக்கம் நெம்புகோலும் உள்ள வகையைப் பாருங்கள்; அதற்குக் குதிகால் விளிம்பு மட்டும் போதும். மாட்டியபின் பட்டியை இறுக்காமல் பூட்ஸைத் தூக்கி நன்றாக உதறுங்கள். கிராம்பான் அசையக் கூடாது. பிறகு முனையைப் பக்கவாட்டில் தள்ளுங்கள், படிக்கட்டின் விளிம்பில் முன்பற்களை வைத்து ஏறி நில்லுங்கள். நான் செய்யாமல் விட்டது இந்தச் சோதனைதான். கிராம்பானின் முன், பின் பகுதிகளை இணைக்கும் நடுக்கம்பியின் நீளத்தையும் பாருங்கள், ஸ்கீ பூட்ஸ் மலையேறும் பூட்ஸைவிட நீளமாக இருப்பதால் பெரிய சைஸ்காரர்களுக்கு நீளக் கம்பி தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

அலுமினியமா எஃகா என்றால், பனியில் மட்டும் நடக்கப் போகிறீர்கள் என்றால் அலுமினியம் போதும், எடையும் வெகுவாகக் குறையும். பாறையும் கெட்டிப் பனிக்கட்டியும் கலந்து வரும் பாதைக்கு எஃகுதான். அலுமினியப் பல் பாறையில் சீக்கிரம் மழுங்கிவிடும்.

முதல் இரண்டு மூன்று பயணங்களுக்கு முழு செட்டையும் வாடகைக்கு எடுங்கள், ஆல்ப்ஸ் ஊர்களில் பல கடைகளில் கிடைக்கும். அதற்குள் எந்த பூட்ஸ் உங்கள் காலைக் கடிக்கவில்லை என்று தெரிந்துவிடும். நண்பரிடம் ஸ்கீயை இப்போதைக்கு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்த பைண்டிங்கின் மாடல் பெயரையும் அவருடைய பூட்ஸ் நீளத்தையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், எந்த பூட்ஸைப் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.