முதல் மதகு வரைக்கும் எல்லாரும் வீரர்தான்
(நெடுந்தூர ஓட்டம்: கேள்வி பதில்)

நெடுந்தூரம் ஓட எப்படிப்பட்ட ஆள் வேண்டும்? வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

தரம் 10 மாணவன், பரந்தன்: சேர், 100 மீற்றரில் நான் எப்பவும் கடைசி. மரதனுக்குப் பெயர் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடு தம்பி. குறுந்தூர வேகத்தைப் பயிற்சியால் ஓரளவுதான் கூட்டலாம். தாக்குப்பிடிக்கும் திறன் அப்படியில்லை, மாதக்கணக்கில் ஓட ஓட ஏறிக்கொண்டே போகும். உன் வகுப்பில் 100 மீற்றர் வென்றவனையும் மரதனுக்குக் கூட்டிக்கொண்டு போ, பிறகு தெரியும்.

ஆசிரியை, ஒட்டுசுட்டான்: மரதன் ஓட்டத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்ய வேண்டும். எதைப் பார்த்துத் தெரிவது?

டீச்சர், முடிவுக் கோட்டில் நிற்காதீர்கள். தொடங்கும் இடத்திலிருந்து ஒரு அரைக் கிலோமீற்றர் தள்ளிப் போய் நில்லுங்கள். விசில் ஊதியதும் பள்ளிக்கூட வாசலால் பாய்கிற கூட்டத்தில் பாதிப் பேர் 100 மீற்றர் ஓடுவது போலத்தான் ஓடுவார்கள். வீதிக்கரையில் அம்மா நிற்கிறார், மாமா நிற்கிறார், இல்லத்தின் நிறத்தில் புது ரீசேட் வேறு. விடுவார்களா? முதல் மதகு வரும்போது இடுப்பில் கை வந்துவிடும். அதற்கப்பால் கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம், திரும்ப நடை. அந்த நேரம் பின்னாலே ஒரு பிள்ளை வரும். தோளைத் தளர விட்டபடி, முன்னுக்குப் போனவர்களைப் பற்றிய கவலையே இல்லாமல், ஒரே சீராக வரும். செருப்புக் கையில் இருந்தாலும் இருக்கும். அந்தப் பிள்ளையின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

ஊர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஆறுதலாக ஓடத் துணிவு வேண்டும். என் கணக்கில் முதல் குணம் அதுதான். மூச்சும் காலும் பிறகு. தொடக்கத்தில் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் உடம்பு தன் மாச்சத்துச் சேமிப்பை மளமளவென்று எரித்துவிடும். 42.195 கிலோமீற்றர் முழு மரதனில் 30 கிலோமீற்றரைத் தாண்டியதும் பலர் கால் விறைத்து நிற்பதற்கு இது பெரிய காரணம். கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023இல் சிக்காகோவில் 2 மணி 35 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தபோது, முதல் பாதிக்கு 60 நிமிடம் 48 செக்கன் எடுத்தார், இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 47 செக்கன். அந்த வேகத்திலும் பின்பாதிக்கு மிச்சம் பிடித்து வைத்திருக்கிறார்!

இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். போட்டிக்கு அடுத்த நாள் பயிற்சிக்கு யார் வருகிறார்? "எங்கே நோகுது" என்று கேட்டால் யார் மறைக்காமல் சொல்கிறார்? கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர், அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, நோவை மறைப்பார்கள். சொன்னதற்காக யாரையும் எடுக்காதீர்கள். எடுத்தால் மற்றவர்களும் வாய் திறக்க மாட்டார்கள்.

கடற்றொழில் செய்யும் இளைஞர், முல்லைத்தீவு: மனவலிமை என்றால் வலியைத் தாங்குவதுதானே அண்ணா?

எந்த வலி என்பதைப் பொறுத்தது தம்பி. களைப்பு, மூச்சு வாங்கல், தொடை கனத்தல், இவற்றோடு பேச்சு நடத்தலாம். ஆனால் முன்னங்கால் எலும்பில் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் நோவு, அது ஓட ஓடக் கூடுகிறது, அல்லது நொண்ட வைக்கிறது என்றால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. எலும்பில் நுண்முறிவாக இருக்கலாம். வீம்புக்கு ஓடினால் வாரங்களில் ஆறுவது மாதக்கணக்காகும்.

மனவலிமைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் நம் நாட்டுக்காரர் ரணதுங்க கருணானந்த. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர், 25 சுற்று. அமெரிக்காவின் பில்லி மில்ஸ் வென்று, மற்றவர்களும் முடித்த பிறகு, 67ஆம் இலக்கத்தோடு ஓடிய கருணானந்தவுக்கு இன்னும் சுற்றுகள் மிச்சம் இருந்தன. அவர் தனியாக ஓடினார். கேலி செய்த கூட்டம் கடைசியில் எழுந்து நின்று கைதட்டியது. ஜப்பானியப் பாடப்புத்தகத்தில் அவர் கதை வந்தது; இங்கே கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் பெரிது.

ஒரு தாய், புதுக்குடியிருப்பு: மகள் 1500, 3000 மீற்றர் ஓடுகிறா. இப்ப சரியான சோர்வு. மனம் விட்டுப் போச்சு போல.

அம்மா, மனதைக் குறை சொல்லும் முன் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். ஓடுகிற பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு அடிக்கடி வருவது. முருங்கையிலை, பருப்பு, மீன், இறைச்சி, முடிந்ததைக் கொடுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம், அது இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். மாதவிடாய் நின்றிருந்தால் அதை நல்லது என்று விட்டுவிடாதீர்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு காணாது என்பதற்கு அது ஒரு அடையாளம், வைத்தியரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். அப்புறம் நித்திரை. ரியூசன் முடிந்து பதினொரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழும்பும் பிள்ளையிடம் நான் பயிற்சியைக் கூட்டச் சொல்ல மாட்டேன்.

ஆட்டோ ஓட்டுநர், மாங்குளம்: எனக்கு 38 வயது. இனித் தொடங்கி என்ன செய்ய?

கென்யாவின் எலியுட் கிப்சோகே 2022இல் பெர்லின் மரதனில் 2:01:09இல் உலக சாதனை வைத்தபோது அவருக்கு 37 வயது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா எழுபது தாண்டிய வயதில், 2023இல், பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கம் வென்று வந்தார். நீங்கள் நாளைக்கே நடையும் ஓட்டமுமாகத் தொடங்குங்கள். பக்கத்தில் ஒருவர் வந்தால் முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும், அதுதான் வேகம். அமுக்கமோ சீனியோ இருந்தால் முதலில் கிளினிக்கில் கேளுங்கள்.

பல்கலைக்கழக மாணவர், வவுனியா: தனியாக ஓடுவது சரியான அலுப்பு. பாட்டுக் கேட்டால் நல்லதா?

ஏ9 வீதியில் காதை அடைத்துக்கொண்டு ஓட வேண்டாம், பஸ்காரர் உங்களுக்காக மெதுவாகப் போகமாட்டார். அலுப்பு இந்த விளையாட்டின் பாதி. அதைச் சகிக்கிறவருக்குத்தான் இது சரிவரும்.

ஒரு சீஆர் கொப்பி வாங்கி எழுதிப் பாருங்கள். கிப்சோகேயும் தன் பயிற்சியைக் கொப்பியில் எழுதி வருபவர்தான். நீட்டி எழுத வேண்டாம். "செவ்வாய். குளக்கட்டு, போய் வர 40 நிமிடம். திரும்பும்போது சோளகம் முகத்துக்கு. இடது குதியில் மெல்லிய நோ. இரவு நித்திரை குறைவு." இப்படி எழுதினால் போதும். மூன்று மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தால் நித்திரை குறைந்த வாரங்களில்தான் குதி நொந்திருக்கிறது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். அதற்குப் பிறகு அலுப்பு கொஞ்சம் குறையும், ஆராய்ச்சி தொடங்கிவிடுமே.

அதே மாணவர்: போட்டிக்கு முன் வலிக்குளிசை போடலாமா?

வேண்டாம். வெயிலில் நீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனக், இபுபுரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஓடிய பிறகு சிறுநீர் கடும் தேத்தண்ணி நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரி. தண்ணீரையும் போட்டிக்கு முன் வயிறு முட்டக் குடிக்காதீர்கள், தாகத்துக்குக் குடியுங்கள். நீண்ட ஓட்டம் என்றால் உப்புப் போட்ட மோரோ ஜீவனியோ நல்லது.

இளம்பெண், கிளிநொச்சி: விடிய ஓடப் பயமாக இருக்கு. நாய், யானை, எல்லாம்.

பயப்படுவதும் நல்ல குணம்தான் தங்கச்சி. யானை திரியும் காட்டுப்பாதையில் இருட்டோடு போகாதீர்கள், நிலம் வெளிக்கட்டும். கண்ணிவெடி என்று எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை நிற்கும் பக்கமோ, ஆள் நடமாட்டம் இல்லாத பற்றைக்குள்ளோ குறுக்கு வழி என்று இறங்கவே வேண்டாம். இன்னொரு பெண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் எந்தப் பாதை என்று சொல்லிவிட்டுப் போங்கள். நாய் வந்தால் ஓடாமல் நின்று, அதைப் பார்த்தபடி மெல்ல விலகுங்கள். குனிந்து கல் எடுப்பது போலக் காட்டினாலே பல நாய்கள் திரும்பிவிடும். கடித்துவிட்டால் 15 நிமிடம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போய்விடுங்கள்.