துப்பாக்கி தெரிந்தவரா, துப்பாக்கிக் கதை தெரிந்தவரா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கரைப் பார்த்ததிலிருந்து துப்பாக்கி சுடுதல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நிற்கிறாள். எங்கள் தெருவில் லைசன்ஸ் ரிவால்வர் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். துப்பாக்கியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். "கிளப் எல்லாம் எதற்கு? தோட்டத்தில் வைத்து நானே சொல்லித் தருகிறேன். நல்ல ஏர் ரைஃபிள் ஒன்று தெரிந்தவரிடம் விலைக்கு இருக்கிறது, வாங்கிவிடுங்கள்" என்கிறார். ரைஃபிள் கிளப் கோச்சைப் போய்ப் பார்த்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பாதிக் கேள்விக்கு "பார்க்கலாம்" என்றார். இருவரில் யாருக்கு உண்மையில் விஷயம் தெரியும்? எனக்கோ துப்பாக்கியைப் பற்றி அட்சரம்கூடத் தெரியாது. — வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் அந்தத் தோட்டத்து யோசனையை முடித்துவிடலாம். வேண்டவே வேண்டாம். ரிவால்வர் லைசன்ஸ் அவருடைய பெயரில், அவருக்காகக் கொடுக்கப்பட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுப்பதற்கு அந்தக் காகிதத்தில் இடமில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இதில் கண்டிப்பானது. 2019இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. கல்யாணம், திருவிழாவில் கொண்டாட்டத்துக்காகப் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று ஆனது. வருடக்கணக்கில் லைசன்ஸ் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்க வாய்ப்பு குறைவு. தெரிந்தும் 13 வயதுப் பெண்ணைத் தோட்டத்துக்குக் கூப்பிடுகிறார் என்றால், உங்கள் கேள்விக்குப் பாதி பதிலை அவரே சொல்லிவிட்டார்.

அதற்காக அவருக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லவில்லை. துப்பாக்கி தெரிவது என்பது ஒரே வித்தை இல்லை. சுடுவது ஒன்று, சொல்லிக்கொடுப்பது இன்னொன்று. பழுது பார்க்கும் ஆர்மரருக்கு ஒவ்வொரு ஸ்பிரிங்கும் அத்துப்படியாக இருக்கும்; அவர் சுட்டால் அட்டையில் பாதி படாது. சட்டம் தெரிந்தவர் தனி. பழைய துப்பாக்கிகளின் வரலாறு தெரிந்தவர்களும் தனி ரகம்தான். போலீஸ்காரர் தோளில் பார்த்த பழைய ரைஃபிளை எல்லாம் நாம் பொத்தாம்பொதுவாக 'த்ரீ நாட் த்ரீ' என்போம். விவரம் தெரிந்தவர் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது சதுரமாக இருக்கிறதே, மேற்கு வங்கத்து இச்சாப்பூர் தொழிற்சாலையில் 1960களில் செய்தது, தோட்டா த்ரீ நாட் த்ரீ இல்லை, 7.62 மி.மீ." என்பார். கேட்க சுவாரசியமாக இருக்கும். ஆனால் உங்கள் மகளுக்கு அதனால் ஒரு புள்ளி கூடாது. இதில் கவனிக்க வேண்டியது, தன் எல்லை எது என்று பேசுபவருக்கே தெரிகிறதா என்பதைத்தான். "நான் பிஸ்டல் ஆள், ரைஃபிளுக்கு இன்னாரைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னால் அவரை நம்பிப் பிஸ்டல் பற்றிக் கேட்கலாம்.

சரி, ஒன்றும் தெரியாத நீங்கள் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். நான் பல வருடம் ரேஞ்சில் நின்றவன். ஒருவர் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் வைப்பதற்குள் பாதி தெரிந்துவிடும்.

தெரிந்தவர் எடுத்தவுடன் அதைத் திறந்து குண்டு உட்காரும் இடத்தைப் பார்ப்பார். ஒரு நிமிடம் முன்னால் அவரேதான் காலி செய்து வைத்திருப்பார், ஆனாலும் பார்ப்பார். உங்களிடம் கொடுக்கும்போது திறந்தபடியே, காலி என்று காட்டித்தான் கொடுப்பார். குழல் டார்கெட் பக்கமோ தரையைப் பார்த்தோ இருக்கும். பேச்சு சுவாரசியத்தில் அது உங்கள் வயிற்றுப் பக்கம் திரும்பாது. ட்ரிக்கர் விரல் பக்கவாட்டில் நீட்டி ஒட்டியிருக்கும். இவை யோசித்துச் செய்கிறவை அல்ல, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவது மாதிரி. அப்புறம் இன்னொன்று: ஏர் ரைஃபிள் ஆள் என்றால், சுடாத நேரத்தில் குழலுக்குள் ஒரு பளிச்சென்ற ஆரஞ்சுக் கயிறு ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே பெல்லட், அதாவது ஏர் ரைஃபிளின் சின்னக் குண்டு, இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். சேஃப்டி ஃப்ளாக் என்பார்கள். சர்வதேச விதியிலேயே இருப்பது. அது இல்லாமல் ரைஃபிளைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவரிடம் நான் பிள்ளையை விடமாட்டேன், அவர் எத்தனை மெடல் வாங்கியிருந்தாலும்.

வேண்டுமென்றே ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். "இதில் குண்டு இருக்கிறதா?" என்று அப்பாவியாகக் கேளுங்கள். "அதெல்லாம் இல்லைங்க, பயப்படாதீங்க" என்று சிரிப்பவர் ஒரு ரகம். வாய் திறக்காமல் மறுபடி திறந்து காட்டுபவர் இன்னொரு ரகம். இரண்டாமவரிடம் போங்கள்.

அடுத்தது ஸ்கோர். எல்லோரும் பெருமை அடிக்கும் இடம் இது. ஆனால் கொஞ்சம் கணக்கு தெரிந்தால் பொய் பிடிபட்டுவிடும். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நடுவில் இருக்கும் பத்து என்பது வட்டமே இல்லை, 0.5 மி.மீ. புள்ளி. பால்பாயின்ட் பேனாவைக் காகிதத்தில் ஒருமுறை தொட்டு எடுத்தால் வருமே, அவ்வளவுதான். பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. அந்தப் புள்ளியை ஓரமாகத் தொட்டால் 10.0, நட்டநடுவில் விழுந்தால் 10.9. தகுதிச் சுற்றில் ஒன்றேகால் மணி நேரத்தில் 60 குண்டு. ஆக உச்சம் 654. பாரிஸில் நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் எடுத்தது 630.7. அதாவது ஒரு குண்டுக்குச் சராசரி 10.5க்கு மேல், ஒவ்வொரு பெல்லட்டும் மையத்திலிருந்து ஒன்றேகால் மில்லிமீட்டருக்குள் விழுந்த மாதிரி. அப்படியும் அவருக்கு 10ஆம் இடம்தான். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. இப்போது யாராவது "நாங்கள் எல்லாம் சும்மாவே 640 அடிப்போம்" என்றால் டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பலாம்.

இன்னொரு பக்கம், "நான் 400க்கு 390 எடுத்தேன்" என்று யாராவது சொன்னால் அதைப் பொய் என்று நினைத்துவிட வேண்டாம். பெண்கள் பிரிவில் 2018க்கு முன்பு 40 குண்டுதான், தசமம் இல்லாமல் எண்ணினால் உச்சம் 400. எந்த வருடம், எந்தப் போட்டி, எத்தனை குண்டு, குறி பார்த்தது ஓப்பன் சைட்டிலா (திறந்த பள்ளம்) பீப் சைட்டிலா (சின்னத் துளை) என்று கேளுங்கள். உண்மையாகச் சுட்டவருக்கு இது நேற்று நடந்த மாதிரி இருக்கும். எந்த லேனில் நின்றோம், எந்தக் குண்டு கெட்டது என்பதுவரை சொல்வார். குறிப்பாகக் கெட்ட குண்டுகளை. எனக்கு ஒரு மாநிலப் போட்டியில் 43ஆவது குண்டு எட்டுக்குப் போனது, இருபது வருடம் ஆகியும் மறக்கவில்லை. சுடாதவரின் கதையில் எல்லாக் குண்டும் நடுவில்தான் விழும்.

பாரிஸ் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். துருக்கியின் யூசுஃப் டிகெச் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, டீ-ஷர்ட்டில் நின்று வெள்ளி வாங்கிய படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். "மற்றவர்கள் ஜாக்கெட், கருவி என்று மாட்டிக்கொண்டு நிற்க, இவர் சும்மா வந்து அடித்தார்" என்று எத்தனை பேர் எழுதினார்கள்! அந்த விறைப்பான ஜாக்கெட்டும் பேன்ட்டும் ரைஃபிள் சுடுபவர்களுக்கு. பிஸ்டலில் அது கிடையவே கிடையாது. ஒரு கையால் சுடுவதுதான் ஏர் பிஸ்டல் விதி. மறு கை பாக்கெட்டில் இருப்பது அங்கே சர்வ சாதாரணம். அப்புறம் அவர் சும்மா வந்தவரும் இல்லை. 51 வயதில் அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக்ஸ். உங்கள் தெருப் பெரியவரிடம் இந்தப் படத்தைக் காட்டி என்ன சொல்கிறார் என்று பாருங்கள். எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

முன்னாள் ராணுவத்தினர் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் ஊரில் அடுத்த யோசனை அதுவாகத்தான் வரும். 2004இல் ஏதென்ஸில் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் ராணுவ அதிகாரி. 2012இல் லண்டனில் வெள்ளி வென்ற விஜய் குமாரும் ராணுவத்தவர். ஆனால் அவர்கள் ராணுவத்தில் இருந்துகொண்டே இந்த விளையாட்டைத் தனியாகக் கற்றவர்கள். எல்லையில் காவல் நின்றவருக்குத் துப்பாக்கி ஒழுக்கம் நன்றாகவே தெரிந்திருக்கும். 10 மீட்டரில் அரை மில்லிமீட்டர்ப் புள்ளியைத் தேடுவது வேறு பயிற்சி.

இனி அந்த விலைக்கு வந்திருக்கும் ரைஃபிள். 4.5 மி.மீ. விட்டமும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசன்ஸ் தேவையில்லை, போட்டி ரைஃபிள் அதில் பாதிகூட வராது. அதனால் வாங்குவது சட்டப்படி சிக்கலில்லை. சிக்கல் வேறு இடத்தில். நான் முதல் ரைஃபிள் வாங்கியது இப்படித்தான், பேச்சில் தேன் ஒழுகும் ஒருவரிடம். ஜெர்மன் பெயர்களாக அடுக்கினார்: வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ். எனக்கு வாய் பிளந்துவிட்டது. முதல் போட்டியில் சோதனை மேஜையில் இருந்தவர் காற்று சிலிண்டரைத் திருப்பி அதில் பொறித்திருந்த தேதியைப் பார்த்தார். தள்ளி வைத்துவிட்டார். 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கும் சிலிண்டர் அது. செய்த தேதியிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் போனால் போட்டியில் ஏற்கமாட்டார்கள். விற்றவருக்கு அந்தத் தேதி எங்கே இருக்கும் என்றுகூடத் தெரியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. உங்களிடம் விற்க வருபவரிடம் முதல் கேள்வியாக, "சிலிண்டர் தேதி என்ன?" என்று கேளுங்கள். முழிக்கிறாரா, திருப்பிக் காட்டுகிறாரா என்று பாருங்கள். இரண்டாவது கேள்வி: "என் மகளுக்கு இது சரியா?" ஆளைப் பார்க்காமல் சரி என்று சொன்னால் அவருக்கு ரைஃபிள் பொருத்தம் என்றால் என்னவென்று தெரியாது. தோளில் பதியும் கட்டையின் நீளம், கன்னம் படும் உயரம் எல்லாம் உடம்பைப் பொறுத்தது. 13 வயதில் அந்த உடம்பும் மாதத்துக்கு மாதம் மாறும். முதல் சில மாதம் கிளப் ரைஃபிளே போதும்.

அந்தக் கோச்சுக்கு வருகிறேன். "பார்க்கலாம்" என்றார் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. ரைஃபிளா பிஸ்டலா, எத்தனை மாதத்தில் போட்டி, எப்போது வாங்குவது — பிள்ளை நிற்பதைப் பார்க்காமல் இதற்கெல்லாம் பதில் சொல்பவர் ஜோசியர்தான். ஆனாலும் அமைதியாக இருப்பதாலேயே ஒருவர் நிபுணர் ஆகிவிடமாட்டார், சரக்கு இல்லாமலும் வாய் மூடியிருக்கலாம். எனவே இவற்றைக் கேளுங்கள்: பயிற்சியாளர் தகுதி என்ன? சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம் டி-யில் தொடங்கி சி, பி, ஏ என்று கோச் லைசன்ஸ் தருகிறது. பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் படிப்பு இருக்கிறது. கிளப் மாநிலச் சங்கத்தில் சேர்ந்ததா, அதன் வழியாகத் தேசிய ரைஃபிள் சங்கப் போட்டிகளுக்குப் போக முடியுமா? அவரிடம் கற்ற பிள்ளைகள் இரண்டு வருடம் கழித்தும் சுடுகிறார்களா, இல்லை விட்டுவிட்டார்களா? கடைசிக் கேள்விக்கு அங்கே காத்திருக்கும் மற்ற பெற்றோரிடம் பதில் கிடைக்கும். கோச்சின் சொந்த மெடலைவிட இதைப் பெரிதாக எடுங்கள். மனு பாக்கரின் கோச் ஜஸ்பால் ராணா ஆசிய விளையாட்டில் தங்கங்கள் வென்றவர், ஒலிம்பிக் மெடல் அவருக்கு இல்லை. சிஷ்யைக்கு ஒரே ஒலிம்பிக்ஸில் இரண்டு கிடைத்தது.

முதல் வகுப்பில் நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் உட்காரக் கூடாது என்றால் அதோடு முடிந்தது, வேறு கிளப் பாருங்கள். நிற்கும் விதத்தைத் திருத்தத் தோளையோ முழங்கையையோ தொட வேண்டிவரும். நல்ல கோச் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் தொடுவார். முதல் நாளே குண்டு போட்டு டப் டப்பென்று சுடவிட்டால் பிள்ளைக்குக் குஷிதான், ஆனால் கற்றுக்கொடுக்கும் முறை அதுவல்ல. பாதுகாப்பு, நிற்பது, பிடிப்பது, மூச்சு, அப்புறம் பெல்லட் இல்லாமல் ட்ரிக்கர் இழுக்கும் டிரை ஃபயர். உங்கள் மகள் முதல் வாரம் "போரடிக்கிறது" என்று சொன்னால் கோச்சை மாற்ற வேண்டாம்.

அவர் முதலில் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது: மகளின் எந்தக் கண் முதன்மைக் கண் என்று பார்ப்பது. வலது கைப் பழக்கம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு இடது கண் ஓங்கியிருக்கும். அதைக் கவனிக்காமல் ரைஃபிளை வலது தோளில் கொடுத்துவிட்டு, "ஏன் குறி தவறுகிறது?" என்று மாதக்கணக்கில் திட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விடச் சொல்லுங்கள். அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தை இரண்டு கண்ணாலும் பார்க்கட்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் முதன்மைக் கண்.

விடையைக் கோச்சிடம் நீங்களாகச் சொல்ல வேண்டாம். அவர் கேட்கிறாரா என்று காத்திருங்கள். வகுப்பு முடிந்து திரும்பும்போது மகள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் எதையும் வாயில் வைக்க வேண்டும். பெல்லட் ஈயத்தால் ஆனது. இதையும் அவரே சொல்கிறாரா என்று பாருங்கள்.